டேங்கில் யார் ஊற்றுவார்கள்?

பெட்ரோலா, டீசலா என்று கேட்டுக்கொண்டு ஷோரூமுக்குள் நுழைகிறவருக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். பதில் உங்கள் நாக்கு நுனியில் தயாராக நிற்கும், எனக்குத் தெரியும். பயிற்சி முடித்து இப்போதுதானே வந்திருக்கிறீர்கள். அதை விழுங்கிவிட்டு முதலில் அவரைப் பேச வையுங்கள்.

நான் சர்வீஸ் பிரிவில் கிரீஸ் கையோடு ஆரம்பித்து, விற்பனைப் பிரிவில் டை கட்டிக்கொண்டு முடித்தவன். கிண்டி கிளையை விட்டு ஓய்வு பெற்று மேற்கு மாம்பலத்தில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நாலு வார்த்தையில் நிறுத்த எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார், அனுபவிக்கட்டும்.

எங்கள் நாளில் இந்தக் கேள்விக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது: நிறைய ஓடுகிறவருக்கு டீசல், கொஞ்சம் ஓடுகிறவருக்குப் பெட்ரோல். அப்புறம் புகை விதிகள் கடுமையாயின. சின்ன கார்களில் டீசல் ஏறக்குறைய காணாமல் போனது. சரக்கு வண்டிகளில் மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது. இப்போது கேஸ், பேட்டரி என்று தராசில் தட்டுகளும் கூடிவிட்டன. தட்டு எத்தனை வந்தாலும் எடை போடும் கை ஒன்றுதான். அந்தக் கை எதைத் தொட்டுப் பார்க்க மறக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாமா இருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். டீசல்தான் சிக்கனம் என்று அவரே முடிவு செய்துகொண்டு வந்து ஒரு டீசல் கார் எடுத்தார். கார் எங்கே போகும்? கோயிலுக்கு, சபாவுக்கு, காய்கறிக் கடைக்கு. முதல் கியரை விட்டு அது வெளியே வந்ததே அபூர்வம். புது டீசல் வண்டிகளில் புகைக் குழாய்க்குள் சல்லடை மாதிரி ஒரு வடிகட்டி உண்டு. புகையில் வரும் கரி அதில் தங்கும். வண்டி நல்ல வேகத்தில் விடாமல் கொஞ்ச நேரம் ஓடினால் வடிகட்டி சூடேறி அந்தக் கரி தானாக எரிந்து போகும். மாமாவின் கார் சூடேறுவதற்குள் கோயில் வந்துவிடும். கரி அடைத்துக்கொண்டு, முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"கார் கோவிச்சுண்டுடுத்து சார், நகரவே மாட்டேங்கறது" என்று வந்து நின்றார்.

வாரத்துக்கு ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து மாமி வந்தார். "கல்யாணம் ஆன நாளா மகாபலிபுரம் அழைச்சுண்டு போங்கோன்னு கேட்டுண்டிருக்கேன். எனக்காகப் போகலை. காருக்காக வாரா வாரம் போறார். நானும் ஒட்டிண்டு போறேன்" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் கையில் ஒரு புது ஓலைத் தொப்பி இருந்தது.

மாமா தப்பித்துக்கொண்டார். அவருக்குப் பொழுது இருந்தது, போகக் கடற்கரைச் சாலையும் இருந்தது. பிழைப்புக்கு வண்டி வாங்குகிறவருக்கு இரண்டும் இருக்காது. நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு டீசலை யோசித்துக் கொடு என்பதை நான் அந்தக் காரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் ஸ்டெல்லாவுக்கு ஆலோசனை சொன்னேன்.

ஸ்டெல்லா பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கிறவர். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, வாடகை ஆட்டோவில் கொண்டுவந்து, தென் சென்னைத் தெருக்களில் விற்றுக்கொண்டிருந்தார். வாடகை வண்டிக்காரர் வராத நாளெல்லாம் வியாபாரம் இல்லாத நாள். அதனால் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி எடுக்க வந்தார். அதற்காகவே வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார். உட்கார்ந்ததும் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஓட்டப்போறது நான்தான் சார். அப்புறம் டிரைவர் எங்கேன்னு கேக்காத."

கூட அவருடைய அண்ணன் அந்தோணியும் வந்திருந்தார். குப்பத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கரையிலிருந்து கைபேசியில் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்வாராம். அங்கே அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக டீசல் வண்டியிடம் போய், சீட்டைத் தூக்கி எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த பெட்ரோல் வண்டியிடமும் அப்படியே செய்தார்.

"இதான் எஞ்சினு" என்றார் டீசலைக் காட்டி. "கை வெச்சா பேசணும். அது இன்னா சார், ஓடினு கீதா தூங்கினு கீதான்னே தெரியல."

அவர்கள் குப்பத்தில் ஓடுகிற படகுகள் பெரும்பாலும் டீசல். பெட்ரோல் என்றால் நெருப்பு என்று பயம், இழுவை இல்லை என்று இளக்காரம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கடலில் அது சரியான கணக்கு.

நான் ஸ்டெல்லாவிடம் திரும்பி, அவருடைய ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன்.

"விடியக்காலம் காசிமேடு போவேன். மால் எட்த்துனு வூட்டாண்ட வந்து பிரிச்சு வெப்பேன். அப்பால மந்தவெளி, அபிராமபுரம், அடையாறு. தெருவுக்குத் தெரு நிறுத்துவேன். நிறுத்துனா வருவாங்க, மீனைப் புரட்டுவாங்க, செவுளைத் தூக்கிப் பாப்பாங்க, வெல கேப்பாங்க, அப்பால இன்னிக்கு அமாவாசைன்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கணக்கு தெளிவாகிவிட்டது. குறைந்த தூரம், லேசான சுமை, அடிக்கடி நிறுத்தம். மயிலாப்பூர் மாமாவின் கார் செய்ததை இந்த வண்டி தினமும் செய்யப்போகிறது. சூடேற்ற மகாபலிபுரம் போக ஸ்டெல்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, அன்றைக்குத்தான் அவருக்கு முக்கிய வியாபாரம். பெட்ரோல் எடுங்கள் என்றேன். காரணத்தையும் விளக்கினேன்.

"சார், நான் பொறந்ததுலேர்ந்து எஞ்சினு பாக்குறேன்" என்றார் அந்தோணி.

"உங்க எஞ்சின் ஒரு தடவை கிளம்பினா கரை திரும்புற வரைக்கும் ஓடும். தங்கச்சி வண்டி தெருமுனைக்குத் தெருமுனை நிக்கும். ரெண்டும் வேற வேற வேலை" என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம், "சார் சொல்றது எனக்குப் புரியுதுண்ணே. பெட்ரோலே எட்த்துக்கறேன்" என்றார். அந்தோணி வெளியே போய் நின்றார். வண்டியை எடுத்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போதும் அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு சர்வீசுக்கு வரும்போதெல்லாம் ஸ்டெல்லா என் மேசைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். வண்டி நன்றாக ஓடியது, வியாபாரமும் கூடியது. ஆனால் அண்ணன் பேசுவதில்லை.

"பக்கத்து வூட்லதான் கீறாரு. மூஞ்சி குடுத்துப் பேசல சார். ஊருல எல்லாம், அண்ணன் பேச்சத் தட்டிட்டு எவனோ ஷோரூம்காரன் பேச்சக் கேட்டாளாம்னு பேசறாங்க. இந்த வண்டி எங்கனா ஒரு தபா நடுரோட்டுல நின்னுச்சின்னு வெய்யி, அவ்ளோதான். வித்துட்டு மறுபடி வாடகை ஆட்டோ பின்னால ஓடவேண்டியதுதான். அப்புறம் எங்க வூட்ல நான் ஒரு வார்த்தை பேசமுடியாது."

நாம் ஒரு எஞ்சினை விற்றுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுகிறோம். அவர்கள் அந்த எஞ்சினோடு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே அது எந்தப் பேச்சையெல்லாம் சுமக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. அந்த வண்டியில் மீன் பெட்டிகளோடு ஸ்டெல்லாவின் வார்த்தையும் ஏறியிருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள் அவை. நல்ல மீன் கிடைக்காது, வியாபாரம் படுத்துவிடும். தடை முடிந்து படகுகள் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிரமும் வவ்வால் மீனும் பார்த்து வெகுநாள் ஆன தென் சென்னை முழுக்க வாய் ஊறிக்கொண்டு காத்திருந்தது. ஸ்டெல்லா கைபேசியிலேயே ஆர்டர்கள் வாங்கி வைத்திருந்தார். காலையில் ஷோரூம் சட்டையை மாட்டிக்கொண்டு நான் வீட்டில் இட்லிக்கு உட்கார்ந்தபோது அவருடைய அழைப்பு வந்தது.

"சார், வண்டி நின்னுப்போச்சு. மந்தவெளி பஸ் ஸ்டாண்டாண்ட. பின்னால மொத்த மீனும் கீது சார்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: நான் சொன்ன வண்டி. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மந்தைவெளியில் வண்டி சாலையோரம் நின்றிருந்தது. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்து தார்ச் சாலையில் ஓடியது. மேலே மின்கம்பியில் காக்கைகள் கூட்டம் போட்டுவிட்டன. ஸ்டெல்லா உள்ளே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருகலுக்கும் எஞ்சின் இருமிவிட்டு வெள்ளை வெளேரென்று புகை விட்டது. சுற்றிலும் ஆட்கள். ஒருவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே, "புது வண்டிங்க, கண்டிஷனைப் பாருங்க" என்று வர்ணனை செய்துகொண்டிருந்தார். சேதி கேள்விப்பட்டு அந்தோணியும் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் என்னைப் பார்த்ததும். பல மாதம் வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம் அது. "பெட்ரோல் வண்டின்னா இத்தான். கரெக்டா வேலை நேரத்துல கால வாரும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"சாவியத் தொடாதீங்கம்மா. கீழ இறங்குங்க" என்றேன்.

புகைக் குழாய்க்குப் பின்னால் குனிந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சர்வீஸ் பிரிவில் இருந்தவன் மூக்கு ஓய்வு பெறுவதில்லை. அது எரியாத டீசலின் நாற்றம். பெட்ரோல் வண்டியிலிருந்து டீசல் நாற்றம் வருகிறதென்றால் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். பங்க்கில் அப்படிச் சுலபமாக நடக்காது. டீசல் குழாயின் மூக்கு பருமனானது, பெட்ரோல் வண்டியின் டேங்க் வாய்க்குள் நுழையாது. அப்படியானால் கேனிலிருந்து, புனல் வைத்து ஊற்றியிருக்க வேண்டும். நிமிர்ந்தேன். அந்தோணியின் கால்சட்டையில் முழங்காலுக்கு மேலே ஈரமாக ஒரு கறை இருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். என் சட்டைப் பையில் நம் கம்பெனியின் பெயர். எதிரே ஒரு கைபேசி படம் பிடிக்கிறது. என்னைக் குற்றம் சொல்கிற மனிதர் கையில்தான் குற்றம் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வண்டியின் மானமும் என் மானமும் திரும்பி வந்துவிடும். நாக்கு துடித்தது. அதற்குள் ஒரு பெட்டியிலிருந்து ஐஸ் கட்டி ஒன்று வழுக்கி விழுந்து என் செருப்புக்கு முன்னால் உடைந்தது.

நல்லவேளையாக விழுந்தது. யார் தப்பு என்பதை மத்தியானம்கூடக் கண்டுபிடிக்கலாம். மீனுக்கு மத்தியானம் கிடையாது.

"என்ன கோளாறுன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல மீனை மாத்தணும்" என்றேன். தண்ணீர் கேன் போடுகிற லோடு வண்டி ஒன்று காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர், "ஏத்துங்க, மீன் வாடைதானே, கழுவினா போய்டும்" என்றார். அது டகடகவென்று ஆடுகிற பழைய டீசல் வண்டி. அந்தோணி அதையும் விடவில்லை.

"பாத்தியா ஸ்டெல்லா? டீசல்தான் வந்து காப்பாத்துது."

"நைனா, வாயை மூடிட்டு பெட்டியத் தூக்கு" என்றார் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர். எல்லோரும் சேர்ந்து தூக்கினோம். படம் எடுத்தவரும் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு ஒரு பெட்டிக்குக் கை கொடுத்தார். ஸ்டெல்லா முன்சீட்டில் ஏறி அபிராமபுரத்துக்குப் போனார். கூட்டம் கலைந்தது. நானும் அந்தோணியும் நின்றுபோன வண்டியும் மிஞ்சினோம்.

இப்போது சொல்லியிருக்கலாம். நீதானய்யா ஊற்றினாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கறையைக் காட்டினால் அடுத்தது கைகலப்புதான். நான் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு துணியை உள்ளே விட்டு நனைத்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"எனக்கு ஒரு சந்தேகம். நீங்க எஞ்சின் பாக்குறவர். மோந்து பாத்துச் சொல்லுங்க."

அலட்சியமாக வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றுவிட்டது. வண்டியின் ஓரமாக நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சார்" என்றார்.

காசிமேட்டிலிருந்து வந்த ஸ்டெல்லா வீட்டுக்குள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். முகப்பில் எரிபொருள் முள் கீழே இறங்கியிருப்பதை இவர் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பங்க்கில் வரிசை நீளம்; இவ்வளவு ஆர்டரை வைத்துக்கொண்டு தங்கை அங்கே போய் நிற்கவேண்டுமே என்று பட்டிருக்கிறது. படகுக்காக வைத்திருந்த கேனை எடுத்து வந்து, யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

"பெட்ரோல் வண்டின்னு எனக்குத் தெரியாதா சார்? அதுக்காகத்தானே இத்தினி மாசமா பேசாம கீறேன். மனசுக்குத் தெரிஞ்சுது, கைக்குத் தெரியல. கேனை எடுத்தா புனலை வெச்சு ஊத்தித்தானே பழக்கம்."

"பேசறதே இல்லைன்னு சொன்னாங்களே. அப்புறம் எதுக்கு ஊத்தப் போனீங்க?"

"இன்னா சார் கேக்குற? எத்தினி நாளுதான் பேசாம இருக்கறது? நானா போய்ப் பேசவும் முடியல. ஊத்தி வெச்சா அவளாப் புரிஞ்சிப்பான்னு நெனச்சேன்."

அந்த மனிதர் பல மாதத்துக்குப் பிறகு தங்கையோடு பேச எடுத்த முதல் முயற்சிதான் டேங்குக்குள் போயிருக்கிறது. அதுதான் வண்டியை நிறுத்தியும் விட்டது.

அடுத்து அவர் கேட்டது நியாயமில்லாத ஒன்று. ஆனால் அந்த நிலையில் யாரும் கேட்கக்கூடியதுதான். "தங்கச்சிகிட்ட சொல்லாத சார். பங்க்குல கலப்படம்னு சொல்லிடு."

சுலபமான வழி அது. இந்தத் தொழிலில் நீங்கள் பலமுறை இந்த வழியில் போகத் தூண்டப்படுவீர்கள், அதனால் கவனமாகக் கேளுங்கள். அப்படிச் சொன்னால் அந்தோணி தப்பிப்பார், நம் கம்பெனி தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். ஆனால் ஸ்டெல்லா ஒரு பாவமும் அறியாத பங்க்காரரோடு போய்ச் சண்டை போடுவார். அதைவிட, இந்த வண்டி எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்ற பயம் அவருக்குள் உட்கார்ந்துவிடும். பயந்துகொண்டே ஓட்டுகிறவர் சீக்கிரமே விற்றுவிடுவார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன் அந்தோணி. நானாப் போய் உங்களைக் காட்டிக்குடுக்கவும் மாட்டேன். அவங்க திரும்பி வரட்டும். நீங்களே சொல்லுங்க. எஞ்சின் பத்தி உங்க வீட்ல உங்க வார்த்தைதானே எடுபடும்? வண்டி மேல தப்பில்லைன்னு நான் சொன்னா அது வியாபாரம். நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கு நிம்மதி."

அவர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

தண்ணீர் வண்டி திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஸ்டெல்லா குதித்து இறங்கினார். பெட்டிகள் காலி. அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டுமே பாதிக்கு மேல் போய்விட்டதாம். சந்தோஷம் முகத்தில் இருந்தது. நின்றுபோன வண்டியைப் பார்த்ததும் அது அணைந்தது.

"இன்னா சார் ஆச்சு? எஞ்சினு போச்சா?"

நான் காலி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருக்க அவ்வளவு கஷ்டப்பட்டது கிடையாது.

"வண்டி மேல தப்பு இல்ல ஸ்டெல்லா" என்றார் அந்தோணி. "எஞ்சினு நல்லா கீது. நான்தான் டீசல் ஊத்திட்டேன்."

"இன்னாது?"

"காலைல. நீ உள்ள இருக்கசொல்ல. முள்ளு கீழ இருந்துச்சு. போட்டுக்கு வெச்சிருந்த கேனை எட்த்தாந்து ஊத்திட்டேன். பழக்க தோஷம். சார் மேலயும் தப்பு இல்ல."

ஸ்டெல்லாவின் வாய் காசிமேட்டு ஏலத்தில் கூர் தீட்டியது. நான் அதற்குத் தயாராகி ஓரடி பின்னால் நகர்ந்தேன். தண்ணீர் வண்டி டிரைவரும் நகர்ந்தார். ஆனால் ஸ்டெல்லா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என் வண்டிக்கு ஊத்துனியா?" என்றார் மெதுவாக.

"ஆமா."

"எனக்கோசரம்?"

"பின்ன யாருக்கு? பங்க்குல லைன்ல நின்னுகினு இருப்பியேன்னு..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "கஸ்மாலம்! இத்தினி மாசம் கழிச்சு ஒரு தபா ஊத்துன, அதையும் மாத்தி ஊத்துனியாண்ணே!" என்று அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். அந்தோணியும் சிரித்தார். நானும் டிரைவரும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தோம். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வண்டியைக் கிண்டிக்கு இழுத்துப் போய் டேங்கை இறக்கிக் கழுவி, குழாய்களைச் சுத்தம் செய்து, ஃபில்டரையும் பிளக்குகளையும் மாற்றினோம். அதிக நேரம் ஓடாததால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீசல் எஞ்சினில் பெட்ரோல் போயிருந்தால் இவ்வளவு லேசில் முடிந்திருக்காது, அதையும் நினைவில் வையுங்கள். அந்தோணி கூடவே நின்று விளக்குப் பிடித்தார். எல்லாம் முடிந்து எஞ்சின் கிளம்பியதும் பழையபடி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஓடினு கீதா?" என்று கேட்டேன்.

"ஓடுது சார். கொஞ்சம் அமுக்கமா பேசுது" என்றார்.

அன்று முதல் வண்டி விற்கும்போது நான் கேட்கிற கேள்விகளில் ஒன்று கூடியது. எவ்வளவு தூரம், எத்தனை நிறுத்தம், எவ்வளவு சுமை, யார் ஓட்டுவார்கள் என்று நாம் எல்லோருமே கேட்கிறோம். டேங்கில் யார் ஊற்றுவார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் வேறென்ன வண்டி இருக்கிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள், யாருக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை, எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். வீட்டில் டிராக்டரோ ஜெனரேட்டரோ படகோ வைத்திருக்கிறவர்கள் பெட்ரோல் வண்டி எடுத்தால், டேங்க் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். வாங்குகிறவரோடு கூட வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பெரும்பாலும் வண்டியைக் குளிப்பாட்டப் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டெல்லா மறுபடியும் வந்தார். வியாபாரம் பெருகி, மரக்காணம் பக்கத்துக் கரைகளிலிருந்து நேரடியாக மீன் எடுக்க ஆரம்பித்திருந்தார். தினமும் நெடுந்தூரம், நிறைய பாரம், நடுவில் நிறுத்தமே இல்லாத சாலை. இந்த முறை நானே டீசல் வண்டியைக் காட்டினேன். அந்தோணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். ஜெயித்தேன் என்று சொல்லவில்லை. இப்போது குப்பத்தில் யாராவது லோடு வண்டி எடுப்பதாக இருந்தால் அவரிடம்தான் முதலில் கேட்கிறார்களாம். "தெருவுக்குத் தெரு நிறுத்துவியா, நிறுத்தாம போவியா, அத்த முதல்ல சொல்லு" என்று அவரும் கேட்கிறாராம்.

கடைசியாக, பழக்கத்தில், என் கேள்வியைக் கேட்டேன். "வீட்ல ரெண்டு வண்டி. ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு டீசல். டேங்க்ல யார் ஊத்துவாங்க?"

அந்தோணி சட்டென்று திரும்பி, பார்க்க ஒன்றுமே இல்லாத சக்கரத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நாள் பழகியும் இப்படிக் கேட்கிறானே என்பது போல.

"இன்னா சார் கேள்வி இது?" என்றார். "ரெண்டுத்துலயும் எங்கண்ணன்தான் ஊத்தும்."